கரிசல் காட்டுக் கட்டுத்துணியும் உலகச் சந்தையின் வாசல்களும்

கோவில்பட்டி வட்டாரத்துக்கு வாணிபக் கொள்கையைக் கற்றுக்கொடுத்தது தீப்பெட்டி. சீனாவிலிருந்து மலிவாக வந்து குவிந்த லைட்டர்கள் தீப்பெட்டி விற்பனையை அரித்தபோது, அவற்றைத் தடுக்க வேண்டும் என்று உற்பத்தியாளர்கள் பல ஆண்டுகள் கேட்டார்கள். 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களின் இறக்குமதியை 2023 ஜூன் மாதம் மத்திய அரசு தடை செய்தது. உதிரி பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்கும் வழியும் 2024 அக்டோபரில் அடைக்கப்பட்டது. பிழைப்பைக் காப்பாற்ற எடுத்த நியாயமான முயற்சி அது; பலனும் கிடைத்தது. ஆனால் வாணிபக் கொள்கை என்றாலே சுங்கத்தைக் கூட்டுவது அல்லது இறக்குமதியைத் தடுப்பது என்ற எண்ணமும் அதோடு வேரூன்றிவிட்டது. அதே கரிசல் பூமியின் மேற்கு விளிம்பில், ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் அவற்றைச் சுற்றிய ஊர்களிலும் ஓடும் விசைத்தறிகள் உலக மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணியையும் காஸ் துணியையும் நெய்கின்றன. அந்தத் தொழிலுக்கு இந்தப் பழைய பாடம் உதவாது. அதன் எதிரே உள்ள தடை சுங்கச்சாவடியில் இல்லை. பொருள் பாதுகாப்பானது என்று மெய்ப்பிக்கும் இடத்தில் இருக்கிறது. டெல்லி கையெழுத்திடும் வாணிப ஒப்பந்தங்கள் அந்த இடத்தைத் தொடாதவரை, கரிசல் காட்டுக்காரர்கள் துணி விற்பவர்களாகவே இருப்பார்கள். மருத்துவப் பொருள் விற்பவர்களாக ஆக மாட்டார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்தத் தொழில் இங்கே அமைந்தது தற்செயல் என்று சொல்ல முடியாது. திருநெல்வேலிச் சீமையின் பருத்தி 'டின்னிவெல்லி' என்ற பெயரில் 19ஆம் நூற்றாண்டிலேயே லிவர்பூல் சந்தையில் தனி ரகமாக விலைபோனது. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861-65 காலத்தில் அதன் விலை எகிறியது. 1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்த பிறகு கரிசல் பருத்தி துறைமுகத்தை எட்டுவது எளிதாயிற்று. ஹார்வி ஆலைகள் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் மதுரையிலும் எழுந்தன. 1901இல் கோவில்பட்டியில் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக் கரிசலுக்கு ஏற்ற நாட்டுப் பருத்தியைத் தேர்ந்தெடுத்தும் கலந்தும் மேம்படுத்தியது. கருங்கண்ணியிலிருந்து இன்றைய கே 11, கே 12 வரை நீளும் ரகங்கள் அதன் உழைப்பு. நாட்டுப் பருத்தியின் இழை குட்டையானது, தடித்தது, முரடானது. மென்மையான சட்டைத் துணிக்கு அது ஆகாது. ஆனால் மருத்துவப் பஞ்சுக்கு நீளமான இழை தேவையில்லை. நீரை உறிஞ்சும் குணம்தான் தேவை. பர்மிங்காம் அறுவை மருத்துவர் சாம்ப்சன் கேம்ஜி 1880இல் உறிஞ்சும் பஞ்சை இரண்டு காஸ் துணிகளுக்கு நடுவே வைத்துக் கட்டும் முறையைக் கொண்டுவந்த பின், கட்டுத்துணி ஒரு தொழிற்சாலைப் பொருளாயிற்று. ராஜபாளையத்தில் ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் 1939இல் பதிவானது. பருத்தியை மருத்துவப் பொருளாக்கும் தொழில் இந்தப் பகுதியில் நூறாண்டை நெருங்குகிறது.

பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே மெழுகுப் படலம் உண்டு. அது நீரை ஒட்டவிடாது. காஸ்டிக் சோடாவில் அழுத்தத்தோடு வேகவைத்து மெழுகை நீக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்து, பலமுறை அலசி உலர்த்தினால்தான் அது மருத்துவப் பஞ்சாகும். தண்ணீரில் போட்டால் 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும், ஒரு கிராம் பஞ்சு குறைந்தது 23 கிராம் நீரைப் பிடித்து வைக்க வேண்டும் என்பவை ஐரோப்பிய மருந்தியல் நூலின் அளவுகோல்கள். காஸ் துணிக்கும் இத்தகைய தரங்கள் உண்டு. பாவிலும் ஊடையிலும் ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை நூல் என்று எண்ணி, இரண்டையும் கூட்டி, 13, 17, 20, 24 என்று ஐரோப்பியத் தரநிலை அதை வகைப்படுத்துகிறது. இவற்றை எட்டும் கைத்திறனும் பட்டறிவும் இந்தப் பகுதியில் தலைமுறைகளாக இருக்கின்றன.

அந்தத் துணி ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையும்போது அதற்கு நேர்வதைப் பார்த்தால் சிக்கலின் வடிவம் தெரியும். தறியிலிருந்து இறங்கிய வெளுக்காத காஸ் துணி அங்கே ஜவுளி. சுங்கப் பட்டியலில் 5208 11 10 என்ற எண்ணில், 'கட்டுத்துணிகளும் மருத்துவ காஸும் தயாரிப்பதற்கான துணி' என்று அதற்குத் தனி வரியே இருக்கிறது. சுங்கம் 8 விழுக்காடு. அதே துணியை வெளுத்து, வெட்டி, சுருட்டி, சில்லறை விற்பனைக்கான உறையிலிட்டு அனுப்பினால் அது 3005 என்ற எண்ணுக்குப் போய்விடுகிறது. 3005, மருந்துப் பொருள்களுக்கான 30ஆம் அத்தியாயத்தைச் சேர்ந்தது. உருகுவே சுற்று எனப்படும் உலக வாணிபப் பேச்சின்போது அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், கனடா, சுவிட்சர்லாந்து உள்ளிட்ட செல்வ நாடுகள் செய்துகொண்ட மருந்துப் பொருள் உடன்பாட்டால், அந்த அத்தியாயத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 1995 முதல் சுங்கம் இல்லை. எந்த நாட்டிலிருந்து வந்தாலும் இல்லை. முடித்த பொருளுக்கு அதிகச் சுங்கமும் மூலப்பொருளுக்குக் குறைந்த சுங்கமும் வைத்து ஏழை நாடுகளைக் கச்சாப் பொருளோடு நிறுத்துவதே வாணிப வரலாற்றின் பொதுவான கதை. கட்டுத்துணியில் அது தலைகீழ். துணி 8 விழுக்காடு கட்டுகிறது. பேண்டேஜ் ஒன்றும் கட்டுவதில்லை.

இந்தியாவுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. ஐரோப்பாவின் வளரும் நாடுகளுக்கான சலுகைத் திட்டத்தில் இந்திய ஜவுளிக்கு இருந்த இடம் 2014இல் நீங்கியது. இந்தியா போட்டியிடும் வலிமை பெற்றுவிட்டது என்பது காரணம். அதே 2014 ஜனவரியில் பாகிஸ்தானுக்குக் கூடுதல் சலுகை கிடைத்து, அதன் ஜவுளி சுங்கமின்றி நுழையத் தொடங்கியது. வங்கதேசத்துக்கு முன்பே அந்த வசதி இருந்தது. ஆகவே காஸ் துணியில் சத்திரப்பட்டி 8 விழுக்காடு பின்தங்கிப் போட்டியிட வேண்டியிருக்கிறது. முடித்த பேண்டேஜில் எல்லோரும் சமம். பொருளாதார அறிவு இவ்வளவு தெளிவாக 'முடித்து விற்பனை செய்' என்று சொல்லும்போதும், ஏராளமான துணி துணியாகவே, வேறொருவர் பெயர் தாங்கிய உறைக்குள் போவதற்காக விற்கப்படுவது ஏன்?

விடை அடுத்தடுத்த வாசல்களில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017/745 எண்ணுள்ள மருத்துவக் கருவி ஒழுங்குமுறை 2021 மே 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, கசியும் நீரை உறிஞ்சக் காயத்தின் மேல் வைக்கும், கிருமிநீக்கம் செய்யாத காஸ் முதல் வகுப்புக் கருவி. உற்பத்தியாளர் தம் பொறுப்பில் அறிவித்து விற்கலாம். அதையே கிருமிநீக்கம் செய்து உறையிட்டால், அந்தக் கிருமிநீக்கத்தை ஐரோப்பா அங்கீகரித்த சான்றளிப்பு அமைப்பு ஒன்று நேரில் தணிக்கை செய்தாக வேண்டும். அறுவையின்போது உடலுக்குள் வைத்து எடுக்கும் ஸ்வாப் என்றால் வகுப்பு இன்னும் ஏறும். தொழில்நுட்பக் கோப்பு, மருத்துவ மதிப்பீடு, விற்ற பிறகான கண்காணிப்பு எல்லாம் சேரும். துணி ஒன்றுதான், நூல் எண்ணிக்கை ஒன்றுதான். ஒவ்வொரு படியிலும் சேரும் மதிப்பில் பெரும்பங்கு அந்தத் துணி பாதுகாப்பானது என்ற சான்றின் மதிப்பு. அந்தச் சான்றை உருவாக்க ஐஎஸ்ஓ 13485 தர மேலாண்மை முறை, தூய அறை, எத்திலீன் ஆக்சைடு அல்லது காமா கதிர் வழிக் கிருமிநீக்கத்தைச் சோதித்து உறுதிப்படுத்திய பதிவேடுகள் வேண்டும். அமெரிக்காவில் சாதாரணக் காஸுக்கு முன்அனுமதி தேவையில்லை. ஆனால் உற்பத்தி நிலையம் ஆண்டுதோறும் அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏவில் பதிவு செய்தாக வேண்டும். 2025ஆம் நிதியாண்டுக்கு அந்தக் கட்டணம் 9,280 டாலர், ஏறத்தாழ 8 லட்சம் ரூபாய். பல்லாயிரம் கோடி விற்றுமுதல் உள்ள பன்னாட்டு நிறுவனமும் முப்பது பேர் வேலை செய்யும் பட்டறையும் கட்ட வேண்டியது ஒரே தொகை. சுங்கம் விற்கும் அளவுக்கு ஏற்பக் கூடும், குறையும். சான்றின் செலவு அப்படியல்ல. ஒரு பெட்டி விற்றாலும் ஆயிரம் பெட்டி விற்றாலும் அதே செலவு. கூலிக்கு நெய்யும் சிறு தறிக்காரர்களும் நடுத்தர ஏற்றுமதியாளர்களும் நிறைந்த ஒரு தொழிலை இந்த நிலைச்செலவு சுங்கத்தைவிடக் கடுமையாக ஒதுக்குகிறது. இதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி என்று கருதுகிறேன்.

அண்மைக் கால ஒப்பந்தங்களை இந்த இடத்திலிருந்து பார்க்க வேண்டும். 2025 ஜூலை 24இல் கையெழுத்தான இந்திய-பிரிட்டன் ஒப்பந்தம் இந்தியப் பொருள்களில் 99 விழுக்காட்டு இனங்களுக்குச் சுங்கத்தை நீக்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துடனான பேச்சும் 2026 ஜனவரியில் நிறைவுற்றது. ஜவுளித்துறை மகிழ்வதற்கு இவை உண்மையான காரணங்கள். பேண்டேஜுக்கு இவற்றால் புதிதாகக் கிடைப்பது எதுவுமில்லை. அதற்கு முப்பது ஆண்டுகளாகவே சுங்கம் இல்லை. துணிக்கு மட்டுமே லாபம். அதாவது, துணியை முடித்து அனுப்பினால் 8 விழுக்காடு மிச்சம் என்று இதுவரை இருந்த ஒரே தூண்டுதலும் போகிறது. சான்றின் செலவு அப்படியே நிற்க, துணியின் சுங்கம் மட்டும் நீங்கினால், ஏற்றுமதியாளர் துணியோடு நிறுத்திக்கொள்வதே லாபக் கணக்காகிவிடும். இதற்காகத் துணிக்குச் சலுகை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. பாகிஸ்தானோடு சமமாக நிற்பது தறிக்காரருக்குத் தேவை. ஆனால் சுங்கக் குறைப்போடு சான்று ஏற்பும் சேர்ந்து வராவிட்டால், ஒப்பந்தம் தொழிலைக் கீழ்ப்படியிலேயே வலுப்படுத்தும் என்பதைக் காண வேண்டும்.

சான்று ஏற்பு பேச்சுவார்த்தைக்கு உட்படாத ஒன்று என்று நினைக்கத் தேவையில்லை. சுவிட்சர்லாந்துக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையே மருத்துவக் கருவிச் சான்றுகளைப் பரஸ்பரம் ஏற்கும் உடன்பாடு பல ஆண்டுகள் இருந்தது. வேறு அரசியல் காரணங்களால் அது புதுப்பிக்கப்படாமல், 2021 மே 26 அன்று, புதிய ஒழுங்குமுறை நடைமுறைக்கு வந்த அதே நாளில் காலாவதியானது. ஐரோப்பாவின் நடுவில் உள்ள, உலகின் தலைசிறந்த மருத்துவக் கருவித் தொழில் கொண்ட நாடுகூட அன்றே மூன்றாம் நாடாகி, ஒன்றியத்துக்குள் பிரதிநிதியை நியமித்து, லேபிள்களை மாற்ற வேண்டியதாயிற்று. ஏற்பு என்பது நாடுகள் கொடுக்கவும் எடுக்கவும் கூடிய ஒன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அமெரிக்கா, கனடா, ஜப்பான், ஆஸ்திரேலியா, பிரேசில் ஆகிய ஐந்து நாடுகள் ஒரே தணிக்கையை ஐவருக்கும் பயன்படுத்தும் திட்டத்தை நடத்துகின்றன. மருத்துவக் கருவி ஒழுங்குமுறையாளர்களின் பன்னாட்டு மன்றத்தில் இந்தியா 2024இல் இணை உறுப்பினரானது. அந்தப் பாதையில் அடுத்த அடியை எடுப்பது, கட்டுத்துணிக்கு எந்தச் சுங்கச் சலுகையைவிடவும் பெரிய உதவி.

இன்னொரு வாசலை அரசு மருத்துவமனைகள் வைத்திருக்கின்றன. 1979ஆம் ஆண்டின் வாணிப ஒப்பந்தச் சட்டப்படி, அமெரிக்க மத்திய அரசின் பெருமளவு கொள்முதல் குறிப்பிட்ட நாடுகளின் பொருள்களுக்கே உரியது. உலக வாணிப அமைப்பின் அரசுக் கொள்முதல் உடன்பாட்டில் சேராத இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. முன்னாள் படைவீரர்களுக்கான அந்நாட்டின் பரந்த மருத்துவமனை அமைப்பு, விதிவிலக்குகள் நீங்கலாக, இந்தியக் காஸை வாங்க முடியாது. இந்தியா சேராததற்கும் நியாயம் உண்டு. சேர்ந்தால் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் போன்ற நம் கொள்முதல் அமைப்புகள் உள்ளூர்ச் சிறு தொழிலுக்கு முன்னுரிமை தருவது கடினமாகும். ஆனால் எல்லாப் பொருளுக்கும் ஒரே விடை என்று இல்லை. மருத்துவப் பயன்பாட்டுப் பொருள்கள் அளவில் குறுகிய பரஸ்பரக் கதவைத் திறக்கப் பேசிப் பார்க்கலாம். காலமும் அதற்கு ஏற்றதாக இருக்கிறது. 2025 ஜூனில், 50 லட்சம் யூரோவுக்கு மேற்பட்ட மருத்துவக் கருவிக் கொள்முதலிலிருந்து சீன நிறுவனங்களை ஐரோப்பிய ஒன்றியம் விலக்கியது. சீன ஊசிக்குழல்களுக்கு அமெரிக்கா 2024இல் 100 விழுக்காடு சுங்கம் விதித்தது. வாங்குபவர்கள் சீனாவுக்கு மாற்றாக ஒருவரைத் தேடுகிறார்கள். துணியை மட்டும் நீட்டும் ஒருவரால் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் முதன்மையானது நோயாளியின் பாதுகாப்பு. கிருமிநீக்கம் பிழைத்த ஒரு ஸ்வாப் உயிரைப் பறிக்கும். ஆகவே ஒழுங்குமுறையை வாணிபத் தடை என்று அழைப்பது பொறுப்பின்மை என்பார்கள். இதில் எனக்கு மறுப்பில்லை. தரத்தைக் குறைக்கச் சொல்லும் எந்தக் கோரிக்கையையும் சத்திரப்பட்டி வைக்கக்கூடாது. தரத்தை மெய்ப்பிக்கும் செலவை யார், எங்கே, எப்படிச் சுமப்பது என்பது வேறு கேள்வி. கொரோனா பரவத் தொடங்கிய 2020 மார்ச் மாதம் இந்தியாவில் முழு உடல் பாதுகாப்பு உடையை கிட்டத்தட்ட எவரும் செய்யவில்லை. செயற்கை ரத்தம் துணிக்குள் ஊடுருவுகிறதா என்று பார்க்கும் சோதனை வசதி கோவையின் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ராவின் மருத்துவ ஜவுளி மையத்தில் ஏற்கெனவே இருந்தது. மாதிரியை அனுப்பி உடனுக்குடன் முடிவு பெற முடிந்ததால், கோவை, திருப்பூர் நிறுவனங்கள் சில வாரங்களில் அந்தத் தொழிலுக்குள் வந்தன. மே மாதம் நாட்டின் உற்பத்தி நாளொன்றுக்கு நான்கு லட்சத்தைத் தாண்டியதாக அரசு அறிவித்தது. தையல்காரர்களின் திறமை ஏப்ரலில் திடீரென்று பிறந்துவிடவில்லை. பொதுப் பணத்தில் நிறுவிய சோதனைக்கூடம் எட்டும் தூரத்தில் இருந்ததே வேறுபாடு. கடுமையான தரமும் சிறு உற்பத்தியாளரும் ஒன்றுசேர முடியும் என்பதற்கு அந்தக் கொடிய மாதங்களே ஆதாரம்.

இரண்டாவது எதிர்வாதம், சுங்கமே முக்கியம் என்பது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான கூடுதல் சுங்கத்தை 50 விழுக்காடாக உயர்த்தியபோது தென்மாவட்ட ஜவுளித்துறை அதிர்ந்தது உண்மை. அடுத்த மாதமே, மருத்துவப் பயன்பாட்டுப் பொருள்களின் இறக்குமதி தேசப் பாதுகாப்பைப் பாதிக்கிறதா என்ற விசாரணையையும் அந்நாடு தொடங்கியது. காஸும் பேண்டேஜும் அதன் வரம்புக்குள் வருகின்றன. ஆனால் இத்தகைய சுங்கம் ஓர் ஆணையில் ஏறி இன்னோர் ஆணையில் இறங்கக்கூடியது. அதை வைத்துப் பத்தாண்டு முதலீட்டைத் திட்டமிட முடியாது. சான்று கையில் இருக்கும் நிறுவனம் ஒரு சந்தை அடைபட்டால் இன்னொன்றுக்குத் திரும்பலாம். துணி மட்டும் விற்பவர், தம்மிடம் வாங்கும் சில நிறுவனங்களின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும்.

காஸ் துணியின் காலமே முடிகிறது என்பது இன்னும் ஆழமான எதிர்வாதம். நுரைப் பஞ்சுக் கட்டுகளும் ஜெல் கட்டுகளும் வந்துவிட்டன; நெய்யாத துணி விலையில் மலிவு; ஒரு பழைய பொருளுக்காக ஏன் இவ்வளவு பேச வேண்டும் என்று கேட்கலாம். மருத்துவக் கருவிகளுக்காக மத்திய அரசு 2020இல் அறிவித்த 3,420 கோடி ரூபாய் உற்பத்தி ஊக்கத் திட்டம் புற்றுநோய்க் கதிர்ச்சிகிச்சைக் கருவி, படமெடுக்கும் கருவி, மயக்க மருந்து மற்றும் இதய-நுரையீரல் கருவி, உடலுக்குள் பொருத்தும் கருவி ஆகிய நான்கு துறைகளையே தேர்ந்தது. கட்டுத்துணிக்கு அதில் இடமில்லை. இறக்குமதியைக் குறைக்கும் நோக்கில் அந்தத் தேர்வு புரிகிறது. ஆனால் சீனாவின் வின்னர் மெடிக்கல் நிறுவனத்தின் பாதையைப் பாருங்கள். 1991இல் தொடங்கி, அயல்நாட்டு நிறுவனங்களின் பெயரில் காஸும் பேண்டேஜும் செய்து கொடுத்து வளர்ந்தது. பிறகு தறியே இல்லாமல், உயர் அழுத்த நீர்த்தாரையால் பஞ்சைப் பின்னித் துணியாக்கும் முறையை முழுப் பருத்தியில் கைக்கொண்டு, காஸுக்கு மாற்றையும் தானே உருவாக்கியது. 2020இல் பங்குச் சந்தையில் பதிவானது. மருத்துவமனைகளோடு முடித்த பொருள் வழியாக நேரடி உறவு வைத்திருந்தவருக்குத்தான் அடுத்த பொருள் எது என்பது கண்ணில் பட்டது. தறியைக் கைவிட்டு உயர் தொழில்நுட்பத்துக்குத் தாவு என்ற அறிவுரையைவிட, முடித்த பொருளில் தேறி மேலே ஏறு என்ற வழியே இந்த வரலாற்றிலிருந்து தெரிகிறது.

இதனால் விவசாயிக்கும் நெசவாளிக்கும் என்ன கிடைக்கும்? இங்கே மிகைப்படுத்தக் கூடாது. தமிழ்நாட்டு ஆலைகள் நூற்கும் பஞ்சில் பத்தில் ஒரு பங்குகூட இந்த மண்ணில் விளைவதில்லை. மருத்துவப் பஞ்சுக்கு ஆலைகள் பஞ்சைச் சீவும்போது பிரியும் கோம்பர் கழிவே இன்று பெரிய மூலப்பொருள். விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டிக் கரிசலில் பருத்தி இருந்த பல காடுகள் மக்காச்சோளத்துக்கும் உளுந்துக்கும் பாசிக்கும் மாறிவிட்டன. பேண்டேஜ் ஏற்றுமதி கூடினால் கருங்கண்ணி தானாகத் திரும்பிவரும் என்று சொல்வது பொய்யான ஆறுதல். ஆனால் குட்டை இழைக்கு விலை தரும் தொழில் என்று கண்முன் இருப்பது மருத்துவப் பஞ்சு ஒன்றே. முடித்த பொருளின் பெயரும் லாபமும் இங்கேயே தங்கினால்தான், மூலப்பொருளைக் கண்டறிந்து உழவரோடு ஒப்பந்தம் பேச ஒருவராவது இருப்பார். நெசவாளியின் நிலையும் இதை ஒட்டியதே. மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படும் இடத்தில், துணியின் விலையை அயல்நாட்டு நிறுவனம் தீர்மானிக்கும்வரை கூலிப் பேச்சில் கொடுப்பதற்கு இடம் மிகக் குறைவாகவே இருக்கும். முடித்த பொருளின் லாபம் தானே நெசவாளியிடம் வந்துவிடாது. அதற்குத் தொழிற்சங்கம் வேண்டும், சட்டம் வேண்டும். பங்கிடுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும் என்பது அதற்கு முந்திய நிபந்தனை.

செய்ய வேண்டியவை பெரிய தொகை கேட்பவை அல்ல. தமிழ்நாட்டின் மருத்துவக் கருவிப் பூங்கா ஒரகடத்தில் அமைகிறது. அதன் பொதுவான சோதனை, கிருமிநீக்க வசதிகள் சென்னைக்கு அருகில் உள்ளவர்களுக்குப் பயன்படும், ஐந்நூறு கிலோமீட்டர் தெற்கே உள்ள தறிக்காரருக்கு எட்டாது. 1,480 கோடி ரூபாய்க்கு 2020இல் ஒப்புதல் பெற்ற தேசியத் தொழில்நுட்ப ஜவுளி இயக்கம் மருத்துவ ஜவுளியையும் தன் பிரிவுகளில் ஒன்றாகக் கொண்டது. ராஜபாளையம் வட்டாரத்திலேயே ஒரு பொதுக் கிருமிநீக்க நிலையமும், சிட்ராவின் கிளைச் சோதனைக்கூடமும், பல சிறு நிறுவனங்களுக்குச் சேர்த்துக் கோப்புத் தயாரிக்கும் அலுவலகமும் அந்த வகை நிதியில் அடங்கக்கூடியவை. உள்நாட்டு வரியில் நெடுநாள் இருந்த முரண் ஏற்கெனவே நீங்கியிருக்கிறது. துணிக்கு 5 விழுக்காடும் முடித்த பேண்டேஜுக்கு 12 விழுக்காடும் என்று இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் 5 விழுக்காடாயிற்று. எஞ்சியிருப்பது வெளியே உள்ள வாசல். அதற்குக் கெடுவும் உண்டு. பழைய ஐரோப்பிய விதிகளின் கீழ் சான்று பெற்ற கிருமிநீக்கிய காஸ் போன்ற பொருள்கள், உரிய காலத்தில் விண்ணப்பித்திருந்தால், 2028 டிசம்பர் 31 வரை விற்பனையில் இருக்கலாம். அதற்குள் புதிய சான்று பெறாதவற்றுக்கு அந்தச் சந்தை மூடிவிடும். அந்தத் துணி சத்திரப்பட்டியிலிருந்து போய்க்கொண்டுதான் இருக்கும், 5208 11 10 என்ற எண்ணில்.